மரகதத்துக்கு முன் சீட்டு

கோயம்புத்தூரில் பழைய கார் வாங்கினால் அதன் பழைய ஓனரும் கூடவே வருவார். பின் சீட்டில் இடது ஓரம் அவருடைய இடம். ஆர்.சி. புக், ஸ்டெப்னி, ஜாக்கி, ஓனர் என்று நான்கையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி கைக்கு வரும். அதனால்தான் சிங்கிள் ஓனர் வண்டிக்கு எப்போதும் கிராக்கி. ஒருத்தர் என்றால் சமாளித்துக்கொள்ளலாம். மூன்று பேர் ஏறி வந்துவிட்டால் வீட்டு ஜனத்தை எங்கே உட்காரவைப்பது?

இதெல்லாம் சென்னியப்பனுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாகப் பர்ச்சேஸ் மேனேஜர் அவர். வார்ப்பு இரும்பை விரல் முட்டியால் தட்டியே உள்ளே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்தப் பழக்கத்தில் தேங்காயைத் தட்டுவார், தர்பூசணியைத் தட்டுவார், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் பீரோவைக்கூடத் தட்டிப் பார்த்தார். "என்னை ஏமாத்தறதுக்கு ஒருத்தன் இனிமேல்தான் பொறந்து வரணும்" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். அவர் மனைவி மரகதம் ஒவ்வொரு தடவையும் "ஆமாங், வரட்டுமுங்" என்பாள். அதைப் பாராட்டு என்றுதான் அவர் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

மரகதம் கல்யாணமான நாளிலிருந்து ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தே காலத்தைத் தள்ளியவள். மழை வந்தால் அவருக்கு ஹெல்மெட், அவளுக்கு முந்தானை. முப்பது வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. காரில் முன் சீட்டில், ஜன்னல் ஓரமாக, காலை நீட்டி உட்கார்ந்து மருதமலைக்கு ஒருதரம் போய்வர வேண்டும். "முன் சீட்டு உனக்குத்தான் மரகதம், வேற ஒருத்தரும் அதுல உக்கார முடியாது" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு சத்தி ரோட்டில் இருக்கும் லோகநாதன் ஷெட்டுக்குப் போனார் சென்னியப்பன்.

லோகநாதன் பழைய கார் வியாபாரி. சிரித்த முகம், வெள்ளைச் சட்டை, பையில் எந்நேரமும் நான்கு எலுமிச்சம்பழம். ஒரு சாம்பல் நிறக் காரின் பின்கதவைத் திறந்து காட்டினார்.

"டாக்டர் வண்டிங்ணா. சிங்கிள் ஓனர். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தவிர எங்கயும் போனதில்லை. ரிட்டயர்டு ஆகிக் குடுத்துட்டாரு."

உள்ளே இடது ஓரத்தில் டாக்டர் தர்மராஜ் உட்கார்ந்திருந்தார். கன்னங்கரேல் என்று தலைமுடி. மடியில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம், கையில் கலர் பென்சில். எலும்புகளின் பெயரை முணுமுணுத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"வயசே தெரியலையே" என்றார் சென்னியப்பன்.

"டாக்டருங்களாச்சேங்ணா. உடம்பைப் பார்த்துக்குவாங்க."

மீட்டரைப் பின்னால் திருப்பினால் பின் சீட்டில் இருப்பவரின் வயதும் அந்த அளவுக்குப் பின்னால் போய்விடும், வண்டி ஓட ஓட மறுபடி ஏறும் என்பது ஊரறிந்த சங்கதி. டிக்கியில் இருப்பவர்களுக்கு மட்டும் மீட்டர் எட்டாது. ஆனால் தெரிந்த சங்கதியெல்லாம் வேண்டிய நேரத்தில் ஞாபகத்துக்கு வந்துவிடுமா என்ன? ரிட்டயர் ஆன பிறகும் இந்த மனுஷர் படிக்கிறாரே, எப்பேர்ப்பட்ட சிரத்தை என்று சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இருந்தாலும் சும்மா விடுவாரா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். நான்கு டயரையும் தட்டினார். கதவுகளைத் தட்டினார். பானெட்டைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பக்கத்தில் வண்டி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அவரையே மரியாதையாகக் கவனிப்பது தெரிந்ததும் இன்னும் இரண்டு தட்டு கூடவே தட்டினார். கடைசியாகப் பின்பக்கம் வந்து டிக்கியைத் தட்டினார்.

"ஆள் இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சென்னியப்பன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஆள் இருக்கு என்று உள்ளேயிருந்து சொன்ன பிறகு கதவைத் திறக்கிற வளர்ப்பா அவருடையது? "மன்னிச்சுக்குங்க" என்று டிக்கியைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தார். ஸ்கூட்டரை லோகநாதனிடமே தள்ளிவிட்டு, டாக்டரோடு காரை வீட்டுக்கு ஓட்டி வந்தார். இரண்டாவது கியரிலேயே வந்தார். நாலாவது கியர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க அவருக்கு அன்றைக்கு நேரமில்லை. அப்புறமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளையார் கோயில் வாசலில் பூஜை. மரகதம் பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, முன் சீட்டின் கதவுப் பிடியில் ஏற்கெனவே கையை வைத்துக்கொண்டு நின்றாள். டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. "டிக்கிக்கும் குங்குமம் வெச்சிரலாம், தெறங்க" என்றார் குருக்கள். திறந்தார்கள்.

உள்ளே இரண்டு பேர் மடங்கிப் படுத்திருந்தார்கள்.

முதலில் இறங்கியவர் ரகோத்தமன். சென்னைக்காரர். வெள்ளத்தில் இந்தக் கார் கண்ணாடி வரைக்கும் முங்கிக் கிடந்தபோது இவர்தான் ஓனர். அன்றைக்கு நனைந்த பேன்ட் இன்னும் காயவில்லை, முழங்காலுக்குக் கீழே சொட்டிக்கொண்டே இருந்தது. அடுத்து இறங்கியவர் திண்டுக்கல் செபஸ்தியான். டாக்ஸியாக ஓட்டியவர். காக்கிச் சட்டை. இறங்கியதும் மற்றவர்களைப் பார்க்காமல் டயரில் காற்று இருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

"ஆள் இருக்குன்னு அன்னிக்கே சொன்னேனே சார்" என்றார் ரகோத்தமன்.

"சொன்னீங்க" என்று ஒத்துக்கொண்டார் சென்னியப்பன். சொன்னது உண்மைதானே?

பழைய ஓனர்கள் உட்கார்ந்த பிறகுதான் புது ஜனம் உட்கார வேண்டும், அதுதான் முறை. டாக்டர் இடது ஓரத்தில் இருந்தார். ரகோத்தமன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் மிச்சமிருந்த சீட்டிலும் தண்ணீர் பரவியது. செபஸ்தியான் கையைக் கட்டிக்கொண்டு தயங்கினார். "பின்னால உக்காந்தா எனக்கு வாந்தி வந்துரும்ணே. ஆயுசுல உக்காந்ததில்லை" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

மரகதம் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தாள். சுற்றிப் போய், ஈரச் சீட்டில் வலது ஓரமாக உட்கார்ந்தாள். லாலி ரோடு வருவதற்குள் பட்டுச்சேலை இடுப்பு வரைக்கும் நனைந்துவிட்டது. "ஏனுங், சித்த நிறுத்துங்" என்றாள். இறங்கி, முந்தானையைப் பிழிந்துவிட்டு, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். மருதமலைக்கு அவள் பஸ்ஸில் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்து, சாமி கும்பிட்டு, பஸ்ஸிலேயே திரும்பியும் வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவில்லை. எங்கே போனாலும் டவுன் பஸ்தான். சென்னியப்பன் காரில் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவார். பஸ் நின்றால் நிற்பார். பின்கண்ணாடி வழியாக அவள் கொண்டை தெரியும். முப்பது வருஷத்தில் கேட்டதே ஒன்று, அதையும் நனைத்துக் கொடுத்துவிட்டோமே என்று தன் தலையிலேயே இரண்டு தட்டுத் தட்டிக்கொள்வார். அதிலும் நல்ல சத்தம்தான் வந்தது.

"ஸ்டியரிங்க எங்கிட்டக் குடுங்கண்ணே" என்று செபஸ்தியான் ஒருநாள் சொன்னார். "நான் ஓட்டறேன். அக்கா முன்னால உக்காரட்டும். பன்னண்டு வருசம் ஓட்டின கை இது."

"வண்டி என் பேர்ல இருக்கு. ஓனர் இருக்கறப்ப இன்னொருத்தர் ஓட்டறதா? நல்லா இருக்குது கதை" என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டு இரண்டாவது கியரில் வண்டியை நகர்த்தினார். பின்னால் ஒன்பது வண்டி ஹார்ன் அடித்தது.

ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் ஓடியதில் டாக்டர் மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷத்திலிருந்து இரண்டாம் வருஷத்துக்குப் பாஸாகி, எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். மரகதம் மட்டும் ஏறவில்லை. கடைசியில் ஒரு திங்கட்கிழமை சென்னியப்பன் ஒரு முடிவுக்கு வந்தார். "இந்தச் சனியனைக் குடுத்துட்டு வந்தர்றேன் மரகதம்" என்று வாசலில் நின்று சொன்னார். அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "போயிட்டு வாங்" என்று வழக்கமாகச் சொல்கிறவள், "வருவீங்ளா?" என்று கேட்டாள். என்ன கேள்வி இது என்று நினைத்துக்கொண்டே போனார்.

லோகநாதன் பேப்பரை நீட்டினார். சென்னியப்பன் எல்லாப் பக்கத்தையும் தட்டித் தட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப உக்காருங்ணா" என்று பின்கதவைத் திறந்தார் லோகநாதன்.

"நான் எதுக்கு?"

"நீங்கதானுங்களே பழைய ஓனரு?"

ஊரறிந்த சங்கதிதான். சென்னியப்பன் அசடு வழிந்துகொண்டே ஏறி இடது ஓரத்தில் உட்கார்ந்தார். மற்ற மூன்று பேரும் டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள். லோகநாதன் கண்ணாடியில் ஒரு அட்டையை ஒட்டினார்: 'சிங்கிள் ஓனர். மேனேஜர் ஓட்டிய வண்டி.' பிறகு முன்னால் குனிந்து, ஒரு திருப்புளியை வைத்து, நாற்பதாயிரம் கிலோமீட்டர் அளவுக்கு மீட்டரைப் பின்னால் திருப்பினார். முதலில் சென்னியப்பனின் முழங்கால் வலி போயிற்று. அப்புறம் தொந்தி போயிற்று. நெற்றிக்கு முடி இறங்கி வந்தது. மேனேஜர் வேலை போயிற்று, மகள் போனாள், ஸ்கூட்டர் போயிற்று. இருபத்துநாலு வயதில் மெலிந்து, மீசையைத் தடவிக்கொண்டு, எந்தக் கவலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை மரகதம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு குடை, ஒரு பிளாஸ்டிக் பேசின்.

"வாங்கக்கா. மேனேஜர் வண்டி. சிங்கிள் ஓனர்" என்றார் லோகநாதன்.

மரகதம் டயரைத் தட்டவில்லை, கதவைத் தட்டவில்லை. நேராகப் பின்பக்கம் போய் டிக்கியைத் தட்டினாள்.

"ஆள் இருக்கு."

"தெரியுமுங். எறங்குங்க" என்று சொல்லித் திறந்துவிட்டாள். மூன்று பேரும் இறங்கி வரிசையாக நின்றார்கள்.

லோகநாதன் ஒரு விலை சொன்னார். மரகதம் குடையை எடுத்துப் பக்கத்திலிருந்த வெள்ளைக் காரின் டிக்கியைத் தட்டினாள். "ஆள் இருக்கு." அதற்கடுத்த சிவப்புக் காரைத் தட்டினாள். "ரெண்டு பேர் இருக்கோம்." ஷெட்டில் வண்டி பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது காருக்கு அவள் குடையைத் தூக்குவதற்குள் லோகநாதன் ஓடி வந்துவிட்டார். "நீங்க சொல்ற வெலைக்கே எடுத்துக்குங்கக்கா. தட்ட மட்டும் வேண்டாம்."

சாவியை வாங்கிச் செபஸ்தியான் கையில் கொடுத்தாள். "நீங்க ஓட்டுங்க." செபஸ்தியான் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரகோத்தமனிடம் பேசினைக் கொடுத்து, "நீங்க டிக்கியிலயே சௌரியமா உக்காந்து, தண்ணிய இதுல புடிங்க. கறிவேப்பிலைச் செடிக்கு ஆகும்" என்றாள். ரகோத்தமனுக்கு இவ்வளவு நாள் யாரும் இப்படி ஒரு வேலை கொடுத்ததில்லை, முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. டாக்டர் புத்தகத்தோடு சென்னியப்பனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். எல்லாம் முடிய மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

மரகதம் முன் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள்.

வண்டி கிளம்பியதும் பின்னாலிருந்து இளவட்டம் சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க்கா, வாங்கறதுக்கு முன்னால கதவெல்லாம் தட்டிப் பார்த்தீங்களா? இந்த யாவாரிகளை நம்பக்கூடாது. என்னையெல்லாம் ஏமாத்தறதுக்கு ஒருத்தன் இனிமேல்தான் பொறந்து வரணும்."

"ஆமாங், வரட்டுமுங்" என்றாள் மரகதம், ரோட்டைப் பார்த்தபடி.

"அடுத்த மாசம் எனக்குப் பொண்ணு பார்க்கப் போறாங்க. அந்தப் பொண்ணை முன் சீட்டுலதான் உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவேன். வேற ஒருத்தரும் அதுல உக்கார முடியாது" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

"அப்படிங்ளா தம்பி" என்றாள்.

"நேரா மருதமலைக்குப் போயிரலாமாக்கா?" என்று கேட்டார் செபஸ்தியான்.

மருதமலை இன்னும் பதினைந்து கிலோமீட்டர். மரகதம் குனிந்து மீட்டரைப் பார்த்தாள். விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். மீட்டர் கணக்கில் அவர்கள் கல்யாணத்துக்கு இன்னும் நானூறு கிலோமீட்டர் இருந்தது. ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நன்றாகவே யோசித்தாள். பிறகு பின்னால் திரும்பி அந்தப் பையனை ஒருதரம் பார்த்தாள். அவர் தன் சீட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழனி, மதுரை வழியாத் திருச்செந்தூர் போயிட்டு, பொறகு மருதமலைக்கு வரலாங்க" என்றாள்.

செபஸ்தியான் தலையாட்டிவிட்டு நாலாவது கியரைப் போட்டார்.