மாரீஸ்வரி நீட்டிய கோடுகள்

பூப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் மாரீஸ்வரி வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். அவள் புருஷன் மொக்கையனுக்கு வாய் மூடாது. இருவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கன்வாடியில், குழந்தைகளின் குட்டி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, பெரியவர்களுக்கான ஏழாம் வகுப்புப் பாடம் படித்தார்கள். முதலில் பெயர் கொடுத்தவன் மொக்கையன்தான். "ஒத்தையில போக ஒரு மாதிரியா இருக்கு, நீயும் வா புள்ள" என்று அவளையும் இழுத்து வந்திருந்தான்.

தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லையென்று நாலாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் மாரீஸ்வரி. தெரிந்ததைச் சொல்லவும் அவளுக்குக் கூச்சம். மொக்கையனோ தெரியாததையும் தைரியமாகச் சொல்வான்.

அன்று நாற்கரப் பாடம். பாடம் எடுக்கும் ஆனந்தி அதே எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் வளர்ந்து டிகிரி முடித்தவள்.

"எதிரெதிர்ப் பக்கத்தைப் பாருங்க. எவ்வளவு நீட்டினாலும் ஒண்ணோடொண்ணு சேராட்டி அது இணை. ஒரு ஜோடி மட்டும் இணைன்னா சரிவகம். ரெண்டு ஜோடியும் இணைன்னா இணைகரம்" என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்த கட்டம் ஒன்றைப் பலகையில் வரைந்தாள். "இது என்ன?"

"சரிவகம்!" மொக்கையன் எழுந்தே விட்டான். "சரிஞ்சுல்ல நிக்குது? பேருலயே இருக்கே!"

வகுப்பே தலையாட்டியது. மாரீஸ்வரிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. சாய்ந்த இரண்டு பக்கங்களும் ஒரே மாதிரிதானே சாய்ந்திருக்கின்றன?

"இல்ல" என்றாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

மொக்கையன் திரும்பிப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவன் பேச்சை அவள் மறுத்ததே இல்லை.

"வந்து காட்டுங்கக்கா" என்று ஆனந்தி ஸ்கேலை நீட்டினாள்.

மாரீஸ்வரி அதை வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனாள். மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் பலகையின் ஓரம்வரை நீட்டினாள். அவை நெருங்கவில்லை. சாய்ந்த கோடுகளையும் நீட்டினாள். அவையும் அதே இடைவெளியில் சாய்ந்தபடியே போயின.

"ரெண்டு ஜோடியும் சேரல. இது இணைகரம்."

ஆனந்தி சிரித்துக்கொண்டே இன்னொன்று வரைந்தாள். இடப்பக்கமும் வலப்பக்கமும் செங்குத்தாக நின்றன. மேல் கோடு சரிந்து இறங்கியது, கீழ்க் கோடு மேல்நோக்கி ஏறியது. இந்த முறை மாரீஸ்வரி யோசிக்கவே இல்லை. மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் நீட்டினாள். இரண்டும் ஒரு புள்ளியில் முட்டிக்கொண்டன. நிற்கிற கோடுகள் முட்டவில்லை.

"ஒரு ஜோடிதான் இணை. இதான் சரிவகம். படுக்கப் போட்டாலும் நிமித்தி வச்சாலும் அது சரிவகந்தான்."

வகுப்பு கை தட்டியது. மொக்கையனின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

திரும்பும் வழியில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தேயிலைக்கு நடுவே முன்னால் போய்க்கொண்டே இருந்தான்.

"ஏங்க, கோவமா?"

அவன் நடையைக் குறைக்கவில்லை. டீக்கடை வந்ததும்தான் நின்றான். அவனோடு ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஏசுரத்தினமும் இன்னும் சிலரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலேய் ரத்தினம், இங்க கேளு" என்று உரக்கச் சொன்னான் மொக்கையன். "இன்னைக்கு வகுப்புல நான் ஒண்ணு சொன்னேன். அது தப்புன்னு எம் பொண்டாட்டி போர்டுல போட்டுக் காட்டிட்டா. டீச்சர் மடக்கி மடக்கிக் கேட்டாலும் விடலயே! வழியெல்லாம் நானும் மனசுக்குள்ள கோடு போட்டுப் பாக்கேன், அவ சொன்னதுதான்டா சரி. இவளுக்கு நல்லா ஸ்ட்ராங்கா ஒரு டீ போடச் சொல்லு."

மாரீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஆண்கள் நகர்ந்து இடம் விட்ட பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து டீயைக் குடித்தாள்.

பரீட்சையில் இருவரும் பாஸ். கணக்கில் அவளுக்குத்தான் மார்க் அதிகம். அதை லயம் முழுக்க வீடுவீடாகப் போய்ச் சொன்னவன் மொக்கையன்.

ரிசல்ட் வந்த மறுநாள் கொழுந்து எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் கேட்டார்: "என்ன மாரி, பத்தாவதும் எழுதப் போறியாமே?"

"ஆமா சார், எழுதத்தான் போறேன்" என்றாள், வரிசையில் கடைசியாக நின்றவளுக்கும் கேட்கும்படி.