சிதைவதற்குள்

சித்தப்பா ஸ்கூட்டரை வாசல் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே நின்ற ஆஸ்பத்திரி வண்டியில் சின்னண்ணன் கிடந்தான். மூச்சு அடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

"பெரியவன் நாளைக்கு வந்துடுவான். தம்பி மொகத்தக்கூடப் பாக்க விடாம அறுக்கக் குடுக்கறியே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?"

"அதுவரைக்கும் ஆர்.என்.ஏ. தாங்காது சித்தப்பா. சிதைஞ்சு போயிடும்."

"அப்படின்னா என்னன்னு ஒனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சின்னண்ணன் சொன்னதுதான். அவன் லிஃப்ட் மெக்கானிக். முதலில் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது, பிறகு கால் போனது, கடைசியில் நாக்கு. நரம்பு செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்தை மாற்ற வேண்டிய நொதி அவனிடம் வேலை செய்யவில்லையோ என்று டாக்டருக்குச் சந்தேகம். தண்டுவடத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். உயிரோடு திறக்க முடியாது.

"மட்டம் போட்டுட்டான் அந்த நொதிப்பய. செத்தாவது அவனக் கையும் களவுமாப் பிடிச்சுக் குடுக்கறேன்" என்று, நாக்கு முழுசாகப் போகுமுன், குழறிக் குழறிச் சிரித்திருந்தான் சின்னண்ணன். உடம்பை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதாக அவளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டிருந்தான்.

பெரியண்ணன் விமான நிலையத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். அவள் வண்டிக்குள் ஏறி, போனைச் சின்னண்ணன் முகத்தருகே பிடித்தாள்.

"நல்லாப் பாத்துக்கோண்ணா. நேரமில்ல."

அவன் பார்த்தான். அழுதான். பிறகு சொன்னான், "வண்டி கெளம்புச்சுன்னா நீ எனக்குத் தங்கச்சியே இல்ல."

அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன்.

"சரிண்ணா" என்று போனை வைத்தாள்.

இறங்கிப்போய் ஸ்கூட்டரைப் பின்பக்கம் பிடித்து இழுத்தாள். அது பக்கவாட்டில் சாய்ந்து கண்ணாடி நொறுங்கியது. விடாமல் தரையோடு தரையாக இழுத்து ஓரம் சேர்த்தாள். சித்தப்பா கத்தினார்.

"ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். நாளைக்கு ஊருல ஒருத்தனுக்கு ஸ்பேனர் நழுவுனா நீங்களா வந்து வைத்தியம் பாப்பீங்க?" கேட்டைத் தள்ளித் திறந்தாள். "டிரைவரண்ணே, எடுங்க."

ஆஸ்பத்திரி நடையில் கால் நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் ஊமையாகக் கிடந்தது. எதிரே, சின்னண்ணனைக் கொண்டுபோன அறையின் கதவு திறந்தது. முகமூடி போட்ட பெண்ணொருத்தி, குளிர்ப்புகை கசியும் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாக வந்தாள். கீழே இருந்தவளைக் கண்டதும், யாரென்று புரிந்துவிட்டதோ என்னவோ, தயங்கினாள்.

"நிக்காதம்மா, ஓடு" என்று சொல்லி, உட்கார்ந்திருந்தவள் தன் கால்களை மடக்கி வழி விட்டாள்.