சக்கர் மீன்

அப்பாவின் வலது கையில் சுற்றியிருந்த வலையை அருள்மொழி ஒவ்வொரு கண்ணியாக விடுவித்துக்கொண்டிருந்தாள். அவர் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. வலையின் மறுமுனையில், அவரைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்குக் கீழே, முழங்கை நீளச் சக்கர் மீன் ஒன்று சிக்கிக் கிடந்தது.

விடிகாலையில் மணலூர்பேட்டை ஏரிக்கு மீன் பிடிக்கப் போன அப்பா சுப்புராயன், அந்த மீனை வலையிலிருந்து எடுக்கும்போதே கரையில் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். வலையோடுதான் தூக்கிவந்திருந்தார்கள். சங்கராபுரத்தில் வாக்கப்பட்டிருந்த அருள்மொழி பஸ் பிடித்து வந்து சேர மணி பத்தாகிவிட்டது.

"அறுத்துடுக்கா. குளிப்பாட்டணும்னு நிக்கிறாங்க" என்று தம்பி ஜீவா பிளேடை நீட்டினான்.

"அறுக்காத" என்றாள் அம்மா கமலா. "ரெண்டு நாளா அவரு குந்திகினு முடிஞ்ச வலை."

"இனிமே அத யாரும்மா எடுத்துகினு போவப்போறா?"

அம்மா அவன் கையிலிருந்த பிளேடை வாங்கிக்கொண்டாள்.

கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன் அந்தச் சக்கர். யாரோ ஏரியில் கொண்டுவந்து விட்டது பெருகி, கெண்டையும் கெளுத்தியும் கண்ணில் படாமல் போய்விட்டன. உடம்பெல்லாம் ஓடு, துடுப்பில் முள். வலையைக் கிழிக்கும். தண்ணீர் இல்லாமலும் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். யாரும் வாங்க மாட்டார்கள்.

ஜீவா அக்காவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"நேத்து சோறு துன்னும்போது நான்தான்க்கா சொன்னன். 'ஒரே ஒரு கெண்ட புடிச்சிகினு வா, அப்பறம் நான் வாயே தொறக்கல'ன்னு."

"அவரு இன்னா சொன்னாரு?"

"தட்டுலயே கை கழுவிட்டாரு."

அருள்மொழி வலையின் ஓரத்தை அவனிடம் கொடுத்தாள். "இத புடி. இழுக்காத."

கடைசிக் கண்ணியும் விலகியது. மீனின் வாய் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"இன்னும் உசுரு இருக்குது பாரு" என்றான் ஜீவா. வலையை விலக்கி, வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனான். கல் விழும் சத்தம் கேட்டது. மறுபடியும். பிறகு வெகுநேரம் விடாமல் கேட்டது. யாரும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. சத்தம் நின்ற பிறகும் அவன் வரவில்லை.

பெண்கள் குடங்களில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். தட்டில் சீயக்காய், மஞ்சள்தூள். வலை விலகிய அப்பாவின் ஆள்காட்டி விரலில் முள் கிழித்த காயம் தெரிந்தது. அம்மா முந்தானையால் காய்ந்த ரத்தத்தைத் துடைத்தாள். தட்டிலிருந்து மஞ்சள்தூளை எடுத்துக் காயத்தில் அப்பி, விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

குளிப்பாட்டச் சொம்பில் தண்ணீர் மொண்ட அத்தை, ஊற்றாமல் நின்றாள்.