பிழைக்கும் பக்கம்

என் அக்கா பிரேமாவதி என்னை வைத்து ஒரு விளையாட்டு செய்தாள். பாடாங் செராயில் இடைநிலைப்பள்ளி ஆசிரியை அவள். கதையைப் பக்கம் பக்கமாக எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு மூன்று வழிகளை வைக்கும் கணினிக் கருவி ஒன்றை ஏதோ பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். எந்த வழியைத் தொடுகிறோமோ அதற்குரிய பக்கத்துக்குக் கதை போகும். குண்டர் கும்பலில் சேரத் துடிக்கும் பையன்களைத் திருத்த அது போதும் என்று நினைத்தாள். அவளுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

அந்த விளையாட்டில் வரும் திவாகரன் வேறு யாருமில்லை, விக்னேஸ்வரனாகிய நான்தான். காளிதாசனின் கும்பலில் இருந்தவன். செம்பனைத் தோட்டத்தில் ஒருவனை அவர்கள் வெட்டிப் போட்டதைப் பார்த்தவன். போலீசில் போய்ச் சொன்னவன். சொன்ன அன்றே காளிதாசன் எனக்கு நாள் குறித்துவிட்டான். கோலா கெடாவில், மீன் சந்தைக்குப் பின்னால், ஒரு வலைக் கிடங்கின் மாடி அறையில் அக்கா என்னை ஒளித்துவைத்தாள். கிடங்கு ஆட்களில் யாராவது சோறு கொண்டுவருவார்கள். கதவை இரண்டு முறை தட்டி, கொஞ்சம் விட்டு இன்னொரு முறை தட்டி, அக்கா சோறு கொடுத்துவிட்டதாகச் சொன்னால்தான் திறக்க வேண்டும்.

அவள் முதலில் எழுதியதில் எல்லா வழியும் சாவில் முடிந்தது. பிள்ளைகள் முகம் சுளித்தார்களாம். ஒரு வழியிலாவது திவாகரன் பிழைக்கட்டும் என்று உட்கார்ந்து எழுதினாள். பிழைத்தவன் என்று அவளுக்குத் தெரிந்தது என்னை மட்டும்தான். என் பெயரை மாற்றினாள், ஊர்ப் பெயரை எடுத்துவிட்டாள். தீவுக்குப் போகும் ஃபெரியின் சத்தம், நீலக் கதவு, மாடிப்படியில் மீன் நாற்றம், கதவைத் தட்டும் விதம் எல்லாவற்றையும் அப்படியே விட்டாள். உண்மை மாதிரி இருந்தால்தான் பிள்ளைகள் நம்புவார்களாம்.

காளிதாசனின் தங்கை அக்காவின் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய கைப்பேசியில் காளிதாசன் விளையாடினான்.

அன்று மதியம் என் கதவு தட்டப்பட்டது. இரண்டு முறை, பிறகு ஒன்று.

“தம்பி, அக்கா சோறு குடுத்துவிட்டாங்க.”

எனக்கு நல்ல பசி. திறந்தேன்.

முதல் வெட்டு இடது கையில் விழுந்தது. இரண்டு விரல்கள் போனது அவற்றைத் தரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. காளிதாசன் பாராங்கத்தியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினான்.

“ஒங்கக்கா கேம் ரொம்ப சூசா லா, அவ்ளோ கஷ்டம். எத்தன தடவ செத்தேன் தெரியுமா? இன்னிக்குக் காலைலதான் ஒன் ரூமுக்கு வந்து சேந்தேன்.”

பேசிக்கொண்டே என் தோளில் வெட்டினான். கூட வந்தவன் என் முடியைப் பிடித்துக் கழுத்தை நிமிர்த்தினான். அவன் கையைக் கடித்தேன். சதை வாயோடு வந்தது. ஐஸ் கட்டி இழுக்கும் இரும்புக் கொக்கி ஒன்று மூலையில் கிடந்தது. அதை எடுத்துக் காளிதாசனின் தொடையில் இறக்கித் திருகினேன். அவன் அலறியது எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஜன்னல் வழியாக ஆற்றுச் சேற்றில் குதித்தேன்.

மருத்துவமனையில் அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விளையாட்டை அழித்துவிட்டதாகச் சொன்னாள். அழித்து என்ன பயன், என் விரல் முளைக்கப் போகிறதா என்று கத்தினேன். காளிதாசன் நொண்டிக்கொண்டு இன்னும் வெளியேதான் திரிந்தான். அதனால் கட்டுப் பிரித்ததும் பாடாங் மேஹாவில், ஆள் இல்லாத தோட்ட வீடு ஒன்றில் போய் இருந்தேன். அக்காவுக்கு மட்டும் தெரியும். என்ன ஆனாலும் வந்துவிடாதே என்று சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். இரண்டு முறை தட்டினாள், பிறகு ஒன்று. பழக்கத்தில் தட்டிவிட்டாள், பாவி.

“தம்பி, சோறு கொண்டாந்திருக்கேன்.”

அது யார் குரல் என்று என் காதில் ஏறவில்லை. தட்டியதும் சோறு என்றதும்தான் ஏறின. கதவைத் திறந்த வேகத்தில், எப்போதும் பக்கத்தில் வைத்திருந்த பாராங்கத்தியால் வெட்டினேன். அது அவள் காது மடலை அறுத்துக்கொண்டு கதவு நிலையில் இறங்கியது. தூக்குச்சட்டி உருண்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் வாசலெல்லாம் கொட்டின.

ரத்தம் கழுத்தில் ஒழுக அவள் அசையாமல் நின்றாள்.

“நான்தான்டா விக்கி. ஒன் அக்கா.”

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் கை கத்தியை விடவில்லை.

“அவனுங்களும் சோறுன்னுதான்க்கா சொன்னானுங்க.”