இல்லை சொல்லக்கூடாத வீடு

மட்டாஞ்சேரியில் ராமனின் வீட்டுக்குள் நின்று யார் ஒரு பொருளை இல்லை என்று சொன்னாலும் அது அப்போதே மறைந்துவிடும். கல்யாணமான புதிதில் ராமன் மீன்கறியில் உப்பு இல்லை என்று சொல்லப்போய், அந்த வாரம் தெரு முழுவதும் உப்பின்றிக் கஞ்சி குடித்தது. அரிசி தீர்ந்தால் நிறைந்திருக்கிறது என்பதும், கிளம்பும்போது வருகிறேன் என்பதும் எல்லாத் தமிழ் வீட்டிலும் உள்ள பழக்கம்தான்; ராமனின் மனைவி காளியம்மாள் அதைச் சட்டமாக்கிவிட்டாள். முடியாது, வேண்டாம் என்றால் கேட்டவரே மறைந்துவிடுவாரோ என்று பயந்து, யார் எதைக் கேட்டாலும் தலையாட்டினாள். அவளுடைய தையல் மெஷினும் கல்யாணப்பட்டும் கேட்டவர்கள் வீட்டில்தான் இருந்தன.

மகள் அம்பிளிக்கும் அதே பழக்கம். மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு மெயில்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. ஒரு மாதம் பிடிக்கும் சரக்கை நாளைக்கே அனுப்ப முடியுமா என்று கேட்ட ஜெர்மன்காரருக்கு, மகிழ்ச்சியுடன் என்று எழுதிவிட்டாள். மேனேஜர் முகமது இஸ்மாயில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "அம்பிளீ, இங்கிலீஷ்ல மறுத்து எழுதப் படிக்கணும், கேட்டோ. ஒரு மாசம் டைம் தரேன். அப்புறமும் இப்படின்னா வேற ஆளைத்தான் பார்ப்பேன்."

வீட்டுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நம்பி அவள் எதிர்மறைச் சொற்களை உரக்கப் படித்தாள். வீட்டுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பிழையாகச் சொன்னால் அசையாது, அவ்வளவுதான். அன்பாசிபிள் என்றபோது பல்லிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இம்பாசிபிள் என்று திருத்தியதும், ராமன் உள்ளே தள்ளிக்கொண்டிருந்த கட்டில் வாசலில் பாதியில் நின்றது. இன்றும் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். இர்ரெகுலர் என்றாள், கடிகாரம் தன் இஷ்டத்துக்கு மணியடித்தது. டிஸ்கனெக்டட் என்றாள், தெருவுக்கே கரண்ட் போனது. ஆனால் அன்பிராக்கன் என்று சொன்ன நாளில், பக்கத்து வீட்டு உடைந்த ஊறுகாய்ப் பரணி கூடிக்கொண்டது, பிறகு ஒருவர் முழங்கை எலும்பு. அதோடு தெருவே அமர்க்களப்பட்டது. ஓட்டைக் குடையும் விரிசல் விட்ட கண்ணாடியுமாக ஆட்கள் வாசலில் முண்டியடித்தார்கள். "மோளே, இதுக்கும் ஒண்ணு சொல்லு!" எந்தச் சொல்லுக்கு அன், எதற்கு இம், எதற்கு டிஸ் என்று சாயாக்கடையில் பந்தயம் நடந்தது. அவளுக்கோ ஒரே குஷி. பிழை குறையக் குறைய, வேலை தங்கிவிடும் என்ற தைரியமும் வந்தது.

அப்போதுதான் வைட்டிலாவிலிருந்து காளியம்மாளின் அண்ணன் மனைவி மூக்கம்மாள், மகன் ரதீஷைக் கூட்டிக்கொண்டு, தேங்காய்த் தாம்பாளத்தோடு பெண் கேட்க வந்தாள்.

"காளி, அம்பிளி பொறந்தப்பவே பேசினதுதானே. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுடணும், வேற ஒண்ணும் கேக்க மாட்டோம். சம்மதந்தானே?"

அந்த வீட்டில் பேசாதிருந்தால் சம்மதம் என்று அர்த்தம். காளியம்மாளின் கல்யாணமே அப்படி முடிவானதுதான். ராமன் மோட்டுவளையைப் பார்த்தார். அம்பிளி கணக்குப் போட்டாள். சும்மா இருந்தால் வேலை போகும். வேண்டாம் என்றால் ரதீஷ் மறைந்துபோவான். அவன் பாவம், நல்ல பையன். படித்த சொற்களில் எது அவனை மறைக்காது என்று விரல்விட்டுத் தேடினாள்.

அடுக்களையில் சாயா வடிகட்டிக்கொண்டிருந்த காளியம்மாள் வடிகட்டியோடு வெளியே வந்தாள். ஒரு மாதமாக மகள் படித்ததைச் சுவருக்கு அப்பால் நின்று கேட்டவள். "மதினி," என்றாள், "அம்பிளி அன்வில்லிங்."

தாம்பாளம் பெஞ்சிலிருந்து எழும்பி, தேங்காய் உருளாமல், மூக்கம்மாளின் மடியில் போய் உட்கார்ந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ரதீஷ் தன் தோளையும் காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அத்தே, நான் இருக்கேனா?"

"இருக்கே மக்கா. சாயா குடி."

அம்பிளி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அத்தனையும் சந்தோஷம். வந்தவர்கள் சாயா குடித்துவிட்டுப் போனார்கள், பொங்கலுக்கு வழக்கம்போல வந்தார்கள். ஜெர்மன்காரர் மறுபடி நாளைக்கே சரக்குக் கேட்டபோது அம்பிளி மறுத்து எழுதிய மெயிலை முகமது இஸ்மாயில் இரண்டு தரம் படித்துவிட்டு, மேசையில் தட்டிச் சிரித்தார்.

காளியம்மாளுக்கு ருசி பிடித்துவிட்டது. ஒரு சாயங்காலம் ராமன் இரண்டாவது சாயா கேட்டபோது, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, "நோ," என்றாள். தேயிலை டப்பா மறைந்தது. ராமன் சட்டையை மாட்டிக்கொண்டு சாயாக்கடைக்குப் போய், அவளுக்கும் சேர்த்து வாங்கி வந்தார்.