வெட்டிய எர்த் ஒயர்

தையற்காரியின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டாக்டரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். ரிப்பேர் கடை அக்காவும் துக்கம் கேட்கப் போய், தையற்காரியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ பேசியது காதில் விழுந்தது.

"குளிச்சுட்டு ஈரத்தோட வந்து சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு இருந்தாராம். அப்படியே சாய்ஞ்சுட்டாரு."

அக்கா பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

அந்த இஸ்திரிப் பெட்டிக்குப் போன மாதம் புது ஒயர் போட்டவள் அவள்தான். மூன்று பின் பிளக் வைக்கப் போனபோது தையற்காரி தடுத்தாள். "எங்க வீட்டுல ரெண்டு ஓட்டைதான்க்கா. எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்களேன்." கசியும் கரண்டை மண்ணுக்குக் கடத்திவிடுகிற பச்சை நிற எர்த் ஒயரை அக்கா ஒட்ட நறுக்கினாள். இரண்டு பின் பிளக்கை மாட்டிக் கொடுத்தாள். ஊரில் எல்லாரும் செய்வதுதானே!

மூன்று நாள் வழக்கம்போலக் கடையைத் திறந்து வேலை பார்த்தாள். வாயைத் திறந்தால் பிழைப்பு போய்விடும். நாலாம் நாள், தையற்காரி மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டாள். தைத்ததை அதே பெட்டியால்தானே தேய்ப்பாள்? கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் டெஸ்டரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தையற்காரி அப்போதுதான் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பெட்டியை எடுக்கக் கை நீட்டினாள்.

"தொடாதே!"

அக்கா டெஸ்டரைப் பெட்டியின் இரும்புத் தட்டில் வைத்தாள். டெஸ்டருக்குள் விளக்கு சிவப்பாக எரிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நெஞ்சு வலி இல்லம்மா. இந்தப் பெட்டிதான். எர்த்தை வெட்டினது நான். கூடாதுன்னு தெரிஞ்சேதான் வெட்டினேன்."

தையற்காரி கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அன்னிக்குக் காலையில அவரோட சண்டை போட்டேன்க்கா. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அந்த வேதனையிலதான் நெஞ்சு அடைச்சுடுச்சு, நான்தான் கொன்னுட்டேன்னு..." மேலே பேச முடியாமல் வாய்விட்டு அழுதாள். அக்கா தோளைத் தொடப் போனாள்.

"வேண்டாம். நீங்க போயிடுங்க."

மறுநாள் தையற்காரியின் கொழுந்தன் போலீசில் புகார் கொடுத்தான். அக்கா எதையும் மறைக்கவில்லை. "அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னது நான்தான் சார்" என்று தையற்காரியும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தாள். கேஸ் முடியும்வரை எட்டு மாதம் கடை பூட்டிக் கிடந்தது.

திறந்த அன்றைக்கே ஒருவர் வாஷிங் மெஷினுக்கு இரண்டு பின் பிளக் கேட்டு வந்தார். அக்கா முடியாது என்றாள். அவர் திட்டிவிட்டுப் போனார்.

தையற்காரியும் அவளும் தெருவில் அடிக்கடி எதிர்ப்படுகிறார்கள். பேசிக்கொள்வதில்லை. ஆனால் இருவரில் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை.