சிவப்புப் பொட்டு வைத்த நத்தைகள்

பெரிய மருமகளுக்குக் கோஸ் நாற்று என்றால் உயிர். புருஷன் சாப்பிட்டாரா என்று கேட்க மறந்தாலும் நாற்றை எட்டிப் பார்க்க மறக்கமாட்டாள். அந்த நாற்றைத்தான் நத்தைகள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. உப்பைத் தூவிக் கொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவு இளகிய மனசு. பொறுக்கியெடுத்து, மதிலுக்கு அந்தப் பக்கம், ஓரகத்தியான சின்ன மருமகளின் கீரைப் பாத்தியில் எறிந்துவிடுவாள். அங்கே போய்த் தின்னட்டுமே.

விடிந்து பார்த்தால் மறுபடியும் நத்தை. சின்னவள்தான் திருப்பி எறிகிறாள் என்று முடிவுகட்டிவிட்டாள். தனக்கு வரும் புத்திதானே மற்றவளுக்கும் வரும்?

மதிலில் ஒரு கதவு உண்டு. சின்னவள் வீட்டுக் குழாயிலிருந்து அதன் வழியாக ஹோஸை இழுத்துத்தான் இவள் தோட்டம் நனைந்தது. அந்தக் குழாயைத் தன் பக்கம் மாற்றித் தரும்படி கொழுந்தனை அரித்தெடுத்தாள். அவன் பிடிகொடுக்கவில்லை. உன் பெண்டாட்டியின் அழிச்சாட்டியத்தை நிரூபித்தால் மாற்றுவாயா என்று மடக்கினாள். தொல்லை விட்டால் போதுமென்று அவனும் தலையாட்டினான்.

அன்று சாயங்காலமே ஒவ்வொரு நத்தையின் ஓட்டிலும் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்து, மதிலைத் தாண்டி வீசினாள்.

காலையில் தூறல். நாற்றுக்கு நடுவே சிவப்புப் பொட்டுகள். உடனே பஞ்சாயத்தைக் கூட்டினாள். புருஷன் பல் விளக்கியபடியே வந்தார். கொழுந்தனும் சின்னவளும் கதவருகே நின்றார்கள்.

"பாருங்க. நேத்து நானே பொட்டு வெச்சு, நானே அந்தப் பக்கம் போட்டது. இப்ப இங்க கிடக்கு. யாரு வேலை இது?"

புருஷனின் பிரஷ் பாதியில் நின்றது. சின்னவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அப்ப இத்தனை நாளா என் கீரையைத் தின்னது நீங்க போட்ட நத்தையாக்கா?"

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் மதிலைக் காட்டினான். பொட்டு வைத்த ஒரு நத்தை, யாரும் தொடாமலே, உச்சியைத் தாண்டி இந்தப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு.

"எறிஞ்ச கையைக் காட்டுங்க அண்ணி, பார்ப்போம்" என்றான்.

"அதுக்குத் தன் வீடு எதுன்னு தெரியுது" என்றாள் சின்னவள். "உங்களுக்குத்தான் அடுத்த வீட்டுக் குழாய் கேக்குது."

ஹோஸைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

அன்றிலிருந்து பெரியவள் குளியலறைத் தண்ணீரை வாளி வாளியாகத் தூக்குகிறாள். இளகிய மனசு எங்கே போனதோ, வாளியோடு உப்பு டப்பாவும் தோட்டத்துக்கு வருகிறது.